பழைய மெட்ராஸ் துறைமுகப் பக்கம் ஒரு நாள் நடந்து பார்க்கணும்: வேலூர்லேர்ந்து போறவங்க எங்க ஆரம்பிக்கறது?

காட்பாடி_சந்திப்பு

எல்லாருக்கும் வணக்கம். மெட்ராசுக்கு நாம எதுக்குப் போறோம்? கல்யாணம், ஏர்போர்ட், தி.நகர்ல துணி. சென்ட்ரல்ல இறங்கினதும் ஆட்டோ பிடிச்சு தெற்கால போயிடறோம். ஸ்டேஷனுக்குக் கிழக்கால ஒரு பழைய பட்டணம் முழுசா கெடக்கு. கோட்டை, பாரிமுனை, மண்ணடி, ராயபுரம்னு பேரு மட்டும் தெரியும், பஸ் ஜன்னல் வழியா பார்த்ததோட சரி. அதை ஒரு நாள் காலாலயே நடந்து பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

கூட வர்றது அம்மாவும், ஒன்பதாவது படிக்கற அக்கா பையனும். அம்மாவுக்கு அறுபது தாண்டியாச்சு, ஆனா ரத்தினகிரி படியை நிக்காம ஏறுவாங்க, அதனால நடைக்குக் கவலையில்ல. காலைல போய் ராத்திரி வீடு திரும்பணும். எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கலாம்? ஞாயித்துக்கிழமை நல்லதா, வேலை நாள் நல்லதா? போனவங்க சொல்லுங்க.

கோட்டை_அகழி

தம்பி, எல்லாரும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில ஆரம்பிப்பாங்க. நீங்க ராயபுரம் ஸ்டேஷன்ல ஆரம்பிங்க. கோட்டையைக் கடைசிக்கு வைங்க.

ஏன்னு சொல்றேன். தென்னிந்தியாவுல முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ஓடுச்சு. ராயபுரத்துல கிளம்பி எங்க போச்சு? நம்ம வாலாஜா ரோடுக்கு. அப்போ அதுக்கு ஆற்காடு ஸ்டேஷன்னுதான் பேரு. ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மதுரை இல்ல, தஞ்சாவூர் இல்ல, திருச்சி இல்ல, நம்ம ஊருக்குத்தான் முதல் தண்டவாளம். அதுக்கப்புறம்தான் அதே பாதை குடியாத்தம், ஆம்பூர் வழியா மேற்கே நீண்டு பேப்பூர் கடற்கரை வரைக்கும் போச்சு. சென்ட்ரல் வந்தது 1873-ல. அதுவரைக்கும் வட ஆற்காட்டுக்காரன் மெட்ராசுல கால் வைக்கற இடம் ராயபுரம்தான்.

அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிக்குது. பம்பாயிலயும் தாணேயிலயும் அதுக்கு முந்தி கட்டினதெல்லாம் போயிடுச்சு, அதனால இந்தத் துணைக்கண்டத்துலயே மிஞ்சியிருக்கற பழைய ஸ்டேஷன் இதுதான். முகப்புல வரிசையா உயரமான தூண்கள். மின்சார ரயில்ல வர்றவங்க அதைத் திரும்பிக்கூட பாக்காம போறதைப் பாத்தா கொஞ்சம் வயித்தெரிச்சலா இருக்கும்.

சரக்கும் ஆளும் எந்த வழியா உள்ள வந்துச்சோ அந்த வழியாவே நீங்களும் நடங்க. ஸ்டேஷன், மதில், வியாபாரத் தெரு, கோயில், கம்பெனி ஆபீஸ், கடைசியா துரைங்க இருந்த கோட்டை. அப்போதான் அந்த ஊர் எதுக்கு உண்டாச்சுன்னு விளங்கும். கோட்டையில ஆரம்பிச்சா கவர்னர் பேரு, கல்யாணத் தேதி, கல்லறைன்னு போய், பாரிமுனை வரும்போது காலும் ஓஞ்சிடும், ஆர்வமும் ஓஞ்சிடும்.

போற வழி: வேலூர் கண்டோன்மென்ட்ல விடியக்காலை மெமு வண்டி இருக்கு, நேரா சென்னை பீச் ஸ்டேஷன்லயே கொண்டாந்து விடும். அங்கேர்ந்து அரக்கோணம் பக்கம் போற லோக்கல்ல ஏறினா அடுத்த ஸ்டேஷன் ராயபுரம்.

ஆற்காடு_டெல்லிகேட்

அகழி சாரோட எனக்கு எப்பவும் இதே தகராறு. ஊர் பொறந்ததே கோட்டையில. 1639-ல இடம் கைக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் ஏப்ரல் 23, ஜார்ஜ் தினத்துக்குள்ள கோட்டையில ஒரு பகுதி எழும்பிடுச்சு, அதான் அந்தப் பேரு. தண்டவாளம் வந்தது அதுக்கு இருநூத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு. வாலை முதல்ல பிடிச்சா மாடு எப்படி சார் நிக்கும்?

நம்ம ஊர் சம்பந்தம் வேணும்னா கோட்டையிலயே நிறைய இருக்கு. 1751-ல ராபர்ட் கிளைவ் அங்கேர்ந்துதான் சுமார் 500 பேரோட ஆற்காட்டுக்குக் கிளம்பினான். ஆற்காட்டுக் கோட்டையைப் பிடிச்சு, அதுக்குள்ளயே ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான். எங்க ஊரு டெல்லி கேட் இன்னும் பாலாத்தங்கரையில நிக்குது. 1753-ல அதே ஆளுக்குக் கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் மேரி சர்ச்சுல கல்யாணம். 1680-ல திறந்த சர்ச் அது, இந்தியாவுல இருக்கற ஆங்கிலிக்கன் சர்ச்சுலயே பழசு. கூரையைக் கவனிங்க: குண்டு விழுந்தாலும் தாங்கணும்னு மரமே போடாம கல்லும் செங்கலுமா வளைச்சுக் கட்டியிருக்காங்க. கோட்டையைச் சுத்திப் பீரங்கி முழங்கின காலத்துல சாமி கும்பிடற இடத்தைக்கூட அப்படித்தான் கட்ட வேண்டியிருந்துச்சு.

வெளிய தரையெல்லாம் கல்லறைப் பலகை. பொணம் அங்க இல்ல, கல்லு மட்டும்தான். கல்லறைத் தோட்டம் முதல்ல இப்போ சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கற இடத்துல இருந்துச்சு. 1758-59-ல பிரெஞ்சுக்காரன் முற்றுகை போட்டப்போ உயரமான கல்லறைகளுக்குப் பின்னாடி ஒளிஞ்சு சுட்டானாம். சண்டை முடிஞ்சதும் கல்லையெல்லாம் பேத்துக் கொண்டாந்து சர்ச்சைச் சுத்திப் பதிச்சுட்டாங்க. அந்தப் பிரெஞ்சுத் தளபதி லாலி அடுத்த வருஷமே, 1760-ல, எங்க தோத்தான் தெரியுமா? வந்தவாசியில. அதுவும் நம்ம பழைய வட ஆற்காடுதான்.

காலைல குளுகுளுன்னு இருக்கும்போது கோட்டை. வெயில் ஏறினதும் மியூசியத்துக்குள்ள பூந்துக்கலாம், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. அடையாள அட்டை எடுத்துக்கிட்டுப் போங்க, தலைமைச் செயலகம் உள்ள இருக்கறதால வாசல்ல பையைத் திறந்து பாப்பாங்க.

குடியாத்தம்_லுங்கி

இன்னாபா இது, நடந்து பாக்கறதுக்கு வேற ஊரே கெடைக்கலியா? மண்ணடியில மத்தியானம் நடந்துகினு இருந்தா பின்னாடி மீன்பாடி வண்டி, முன்னாடி ஆட்டோ, சைடுல சாக்கடை. நிமிந்து கட்டடம் பாத்தா கீழ பள்ளத்துல கால உட்டுடுவே. துறைமுகப் பட்டணம்னா பாண்டிச்சேரிக்குப் போ. நேர் நேரா தெரு, மஞ்சக் கலர் சுவரு, மரம், கடல் ஓரமா உக்கார இடம். அம்மாவையும் கூட்டிகினு போறே வேற.

சத்துவாச்சாரி_டீச்சர்

லுங்கி அண்ணே, பாண்டிச்சேரியை யாரும் குறை சொல்லல. ஆனா அங்க சரக்கு வர்றது போறது எல்லாம் என்னைக்கோ அடங்கிடுச்சு. இங்க அப்படியில்ல. ஆண்டர்சன் தெருவுக்குள்ள போனீங்கன்னா ரெண்டு பக்கமும் காகிதம், கல்யாணப் பத்திரிகை அட்டை. கோடவுன் தெருவுல துணி. லிங்கிச் செட்டி தெருவுல கப்பல் ஏஜென்ட் போர்டு. மூட்டை சுமக்கறவர் "சைடு, சைடு"ன்னு கத்திக்கிட்டே வருவாரு, ஒதுங்கலன்னா தோள்ல ஒரு இடி கண்டிப்பா உண்டு. அந்த ஜனநெருக்கடியைப் பாக்கத்தானே போறது!

பொண்ணுங்க, வயசானவங்க போறதுன்னா முதல் கேள்வி கழிப்பறை. மண்ணடி, உயர் நீதிமன்றம் ரெண்டு இடத்துலயும் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு, அதை மனசுல வச்சுக்கிட்டுப் பாதையைப் போட்டுக்குங்க. அம்மாவுக்குப் பட்டையான செருப்பு போதும், புதுசு வேண்டாம். குடை அவசியம், தொப்பியெல்லாம் அந்த வெயிலுக்குப் பத்தாது. மாசம் கேட்டீங்கன்னா டிசம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி. சித்திரையில போறவங்களுக்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

பையன் வர்றான்னு சொன்னீங்க. அவன்கிட்ட கிளம்பறதுக்கு முந்தியே ஒண்ணைச் சொல்லிடுங்க: மெட்ராசுல துறைமுகமே கிடையாது. முதல் இருநூறு வருஷத்துக்கும் மேல கிடையாது. வளைகுடா இல்ல, ஆழமான ஆத்து முகமும் இல்ல, வெறும் மணல் கரை. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். அங்கேர்ந்து ஆளும் பெட்டியும் மசூலாப் படகுலதான் கரைக்கு வரணும். அந்தப் படகுல ஆணியே கிடையாது. பலகையோட பலகையைத் தேங்காய்நார்க் கயித்தால தைச்சிருப்பாங்க. ஆணி அடிச்ச படகு அலையில மோதினா விரிஞ்சு போகும், தைச்ச படகு நெளிஞ்சு கொடுக்கும். கடல் ரொம்ப மோசமா இருந்தா படகும் போகாது, அப்போ கட்டுமரக்காரர்தான் தலையில போட்டிருக்கற ஓலைக் குல்லாவுக்குள்ள கடிதத்தைச் சொருகிக்கிட்டுப் போய்க் கப்பல்ல கொடுப்பாரு.

நம்ம ஊர்ல அடைபட்டிருந்த கண்டி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816-ல கொழும்புலேர்ந்து கப்பல்ல வந்து மெட்ராசுல இறங்கினவர்தான். அப்போ இறங்கு பாலம்கூட இல்ல. ஒரு ராஜாவும் ராணிகளும் அந்த அலையில நனைஞ்சுக்கிட்டுத்தானே கரையேறியிருக்கணும்? அங்கேர்ந்து வேலூர்க் கோட்டை. 1832-ல செத்துப் போனாரு, பாலாத்தங்கரை முத்துமண்டபம் பையன் பாத்திருப்பான். அதே ஆள் வந்த வழின்னு சொன்னா அவன் காது கொடுத்துக் கேப்பான்.

காட்பாடி_சந்திப்பு

டீச்சர், கண்டி ராஜா கதையைச் சொன்னதும் பையன் போனைக் கீழ வச்சுட்டான். அதுவே பெரிய சாதனை. அப்போ துறைமுகம்னு எப்போ வந்துச்சு?

சத்துவாச்சாரி_டீச்சர்

1861-ல கடலுக்குள்ள நீட்டி ஒரு இரும்புப் பாலம் போட்டாங்க. அப்புறம் 1876 வாக்குல ரெண்டு கையை நீட்டி அணைக்கற மாதிரி அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. கட்டி முடிக்கற நேரம், 1881 நவம்பர்ல புயல் வந்து பிச்சுப் போட்டுடுச்சு. திரும்பக் கட்டினாங்க. வாசல் கிழக்கு பாத்து இருந்ததால அலையும் மணலும் உள்ளயே வந்துக்கிட்டிருந்துச்சு. 1904-ல பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்துலதான் அந்த வாசலை அடைச்சுட்டு வடகிழக்கால திறந்தாங்க. இந்த ஸ்பிரிங்தான் தன் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்த கணித மேதை ராமானுஜத்துக்காக மேல எழுதிப் போட்டவர்.

மேல்விஷாரம்_பாய்

அஸ்ஸலாமு அலைக்கும். அகழி சார் சொன்னது சரி. சரக்கு போன வழின்னு சொன்னாரு பாருங்க, அதுல நாங்கதான் சரக்கு.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இந்தப் பக்கத்துத் தோல் எல்லாம் கடல் தாண்டினது மெட்ராஸ் வழியாத்தான். ஆவாரம்பட்டையில ஊற வச்சுப் பதம் பண்ணின தோலுக்கு லண்டன்ல ஈ.ஐ., அதாவது ஈஸ்ட் இந்தியா தோல்னே பேரு. 2008-ல அதுக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தாங்க. சென்ட்ரலுக்குப் பின்னாடி பெரியமேட்டுல இன்னைக்கும் தோல் மண்டி வரிசையா இருக்கு, எங்க ஜனம்தான் பாதி.

எங்க அத்தா மண்டியில கணக்கு பாத்தவரு. சின்னப் பையனா நான் அவர் கூட லிங்கிச் செட்டி தெருவுக்குப் போயிருக்கேன். கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் மாடியில இருக்கும். மரப்படி ஒரு ஆள் ஏறுற அகலம்தான், எதுக்க ஒருத்தர் வந்தா முதுகைச் சுவத்துல ஒட்டிக்கணும். மேல போனா ஒரே டைப் மிஷின் சத்தம். ஷிப்பிங் பில் அடிக்கறதுக்கு நடுவுல நடுவுல கார்பன் வச்சு அஞ்சாறு காப்பி, கடைசிக் காப்பியில எழுத்தே தெரியாது, அதுலதான் முத்திரை குத்துவாங்க. அத்தா கொண்டு போற மாதிரித் தோலை மேசை மேல வைச்சதும் ஏஜென்ட் மூக்கைப் பிடிக்காம ஒரு சிரிப்பு சிரிப்பாரு. வீட்டுக்கு வந்தப்புறமும் என் சட்டையில ஆவாரம்பட்டை வாசமும் கார்பன் வாசமும் கலந்து அடிக்கும்.

இப்போ கண்டெய்னர் நேரா யார்டுக்குப் போயிடுது, எண்ணூர், காட்டுப்பள்ளின்னு துறைமுகமும் வடக்கே நகர்ந்துடுச்சு, பேப்பரெல்லாம் கம்ப்யூட்டர்ல. ஆனாலும் அந்தத் தெருவுல மாடிப் போர்டுகளை நிமிந்து படிச்சுக்கிட்டே நடந்து பாருங்க. ஷிப்பிங், பார்வர்டிங், லாஜிஸ்டிக்ஸ்னு பாதிக்கும் மேல அதே தொழில்தான். அதுக்காகச் சொல்றேன், ஞாயித்துக்கிழமை போகாதீங்க. ஷட்டரை மட்டும்தான் பாத்துட்டு வருவீங்க. சனிக்கிழமை காலைல போங்க.

ஆற்காடு_டெல்லிகேட்

பாய், ஞாயித்துக்கிழமைக்கும் ஒரு நியாயம் இருக்கு. கடை மூடியிருந்தாத்தான் முதல் மாடி ஜன்னல், தூணு, மேல எழுதின வருஷம் எல்லாம் கண்ணுல படும். மத்த நாள்ல கண்ணு முழுக்கக் கீழயே இருக்கணும், இல்லன்னா லுங்கி அண்ணன் சொன்ன பள்ளம்தான்.

கோட்டை_அகழி

ரெண்டும் வேணும்னா சனிக்கிழமை காலைல முடிஞ்ச அளவு சீக்கிரமே ராயபுரத்துல இருங்க. கடை திறக்கறதுக்கு முந்தி பாதித் தெருவைப் பாத்துடலாம், திறந்தப்புறம் மீதி.

பாதையைக் கொஞ்சம் விவரமா எழுதிடறேன். ராயபுரம் ஸ்டேஷனைப் பாத்துட்டுத் தெற்கே பழைய ஜெயில் ரோடு பக்கம் வாங்க. அங்க மாடிப் பூங்கான்னு ஒண்ணு. பேரைக் கேட்டா ஏதோ மொட்டை மாடித் தோட்டம்னு நினைப்பீங்க. அது கோட்டைக்கு வெளிய நம்ம ஜனம் குடியிருந்த கறுப்பர் பட்டணத்தைச் சுத்தி இருந்த மதில். ஹைதர் அலி குதிரைப்படை 1760-களோட கடைசியில மெட்ராஸ் வாசல் வரைக்கும் வந்து மிரட்டினப்புறம் வெள்ளைக்காரன் பயந்து போய்க் கட்டினது. அந்த மதில்ல மிச்சம் இருக்கற துண்டு இது. மதிலுக்காக வரி போடறேன்னு சொன்னதுலதான் மேற்குப் பக்கத்து ரோடுக்கு வால்டாக்ஸ்னு பேரு நின்னுச்சு. ஹைதர் கடைசியா உயிரை விட்டது 1782-ல சித்தூர்ப் பக்கம். சித்தூர் அப்புறம் 1911 வரைக்கும் நம்ம வட ஆற்காட்டு ஜில்லாவுக்குத் தலைநகரமா இருந்த ஊரு. இவ்வளவு பெரிய சங்கதியை ஒரு போர்டுல ரெண்டு வரிக்குள்ள அடைச்சிருக்காங்க.

அங்கேர்ந்து மண்ணடி வழியாத் தம்பு செட்டித் தெரு. காளிகாம்பாள் கோயில். சத்ரபதி சிவாஜி 1677-ல இங்க வந்து கும்பிட்டதாச் சொல்வாங்க, படமும் மாட்டியிருக்கு. வந்தாரா இல்லையான்னு சண்டை போடறவங்க போடட்டும். அதே 1677-ல அவர் படை நம்ம வேலூர்க் கோட்டையைச் சுத்தி உக்காந்திருந்துச்சு, அடுத்த வருஷம்தான் கோட்டை விழுந்துச்சு, அதுல சந்தேகமே இல்ல. பாரதியார் சுதேசமித்திரன்ல வேலை பாத்த காலத்துல இந்தக் கோயிலுக்கு வந்து போவாராம்.

அடுத்தது அரண்மனைக்காரன் தெரு. இதுல அவசரப்படாதீங்க. ஒரே தெருவுல கச்சாலீஸ்வரர் கோயில், அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் அலைமோதற கத்தோலிக்கக் கோயில், ஆர்மீனியர் சர்ச், மூணும் இருக்கு. ஆர்மீனியர் சர்ச் 1772-ல கட்டினது, அதுக்கு முந்தி 1712-லயே ஒண்ணு இருந்துச்சு. கேட்டுக்குள்ள காலை வைச்சதும் தெருச் சத்தம் அப்படியே கீழ இறங்கிடும். நடைபாதைத் தரை முழுக்கக் கல்லறை, ஆர்மீனிய எழுத்து. அதுல பாதிரியார் ஒருத்தர் கல்லறைக்கு மட்டும் பூ வச்சிருக்கும். ஷ்மாவோனியன்னு பேரு. உலகத்துல முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-ல இங்க உக்காந்துதான் அச்சடிச்சாரு. ஆர்மீனியாவுல இல்ல, மெட்ராசுல! மணிக்கூண்டு தனியா நிக்கும், ஆறு பெரிய மணி. இப்போ மெட்ராசுல ஆர்மீனியர் குடும்பம்னு சொல்ல யாரும் மிச்சமில்ல, கல்கத்தா ஆர்மீனியர்கள்தான் கவனிச்சுக்கறாங்க.

ராணிப்பேட்டை_ஷிப்ட்

பாரிமுனையை யாரும் சொல்லலியே. ராணிப்பேட்டைக்காரனுக்கு அதுதான்பா கோயிலு. எங்க தாத்தா, அப்பா எல்லாம் "பாரி கம்பெனி"ன்னு சொல்லிகினுதான் ஷிப்டுக்குப் போவாங்க. 1906-ல ராணிப்பேட்டையில உர ஆலை வச்சது அந்தக் கம்பெனிதான். அப்புறம் அந்தப் பீங்கான் சாமான், தமிழ்நாடு பூரா எல்லார் வீட்டு பாத்ரூம்லயும் எங்க ஊரு மண்ணுதான் உக்காந்துகினு இருக்கு.

1788-ல தாமஸ் பாரின்னு ஒரு வெள்ளைக்காரன் மெட்ராசுக்கு வந்து வியாபாரம் ஆரம்பிச்சான். முனையில இருக்கற அந்தக் கம்பெனிக் கட்டடம் டேர் ஹவுஸ் 1940-ல கட்டினது. அந்த வளாகத்துல ஒரு கூர்ங்கல் இருக்கு, 1773-னு போட்டு. கோட்டைக்கும் கறுப்பர் பட்டணத்துக்கும் நடுவுல வெட்டவெளியா விடணும், இந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாதுன்னு நட்டு வச்ச எல்லைக்கல்லு. ஆறு கல்லுல இது ஒண்ணுதான் மிச்சம். ரோட்டுல போறவன் ஒருத்தனும் பாக்க மாட்டான்.

சத்துவாச்சாரி_டீச்சர்

அந்த வெட்டவெளி ஏன்னா பீரங்கிக்கு நேர்க்கோட்டுல மறைப்பு இருக்கக்கூடாது. முதல்ல இருந்த கறுப்பர் பட்டணம் கோட்டை மதிலை ஒட்டியே இருந்துச்சு. 1746-லேர்ந்து மூணு வருஷம் பிரெஞ்சுக்காரன் கையில ஊர் இருந்தப்போ அதைப் பெரும்பாலும் இடிச்சான், திரும்பி வந்த இங்கிலீஷ்காரன் மீதியை இடிச்சான். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதுல போச்சு. அந்த இடத்துலதான் இப்போ உயர் நீதிமன்றம். கோயிலைத் தேவராஜ முதலி தெருவுல மறுபடி கட்டிக் கொடுத்தாங்க, பட்டணம் கோயில்னா எல்லாருக்கும் தெரியும். பக்கத்துலயே மல்லீஸ்வரர். கறுப்பர் பட்டணம்ங்கற பேரு இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஜார்ஜ் டவுன்னு மாறிச்சு.

உயர் நீதிமன்றத்துக்குள்ள சும்மா நுழைய முடியாது, வெளியிலேர்ந்தே பாத்துக்குங்க. வளாகத்துல தனியா ஒரு கல்தூண் தெரியும், 1844-ல எரிய ஆரம்பிச்ச கலங்கரை விளக்கம். அதுக்கப்புறம் கோர்ட்டு உச்சி மண்டபத்துலயே விளக்கு, 1894-லேர்ந்து. மெரினாவுக்குப் போனது 1977-ல. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன்காரனோட எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டதுக்கு மதில்ல ஒரு கல்லு பதிச்சிருக்காங்க. பையன் போட்டோ எடுக்கட்டும். நம்ம பக்கம் பயங்கரமான ஆளை "எமன்டா"ன்னு சொல்றாங்களா "எம்டன்"னு சொல்றாங்களான்னு கேக்காதீங்க, எங்க பாட்டி ரெண்டையும் சொல்லுவாங்க.

காட்பாடி_சந்திப்பு

போயிட்டு வந்துட்டோம்! சனிக்கிழமை, ராயபுரத்துலேர்ந்து கோட்டைக்கு, அகழி சார் வழி. சுருக்கமா எழுதறேன்.

ராயபுரம் ஸ்டேஷன் தூண்ல ஒண்ணைக் கட்டிப் பிடிச்சு, கை எட்டுதான்னு பையன் பாத்தான், எட்டல. மாடிப் பூங்கா மேல அம்மா கொஞ்ச நேரம் உக்காந்தாங்க, காத்து நல்லா இருந்துச்சு. லிங்கிச் செட்டி தெருவுல பாய் சொன்ன மாதிரி ஒரு மரப்படியைப் பாத்தேன், நிஜமாவே ஒரு ஆள் அகலம். ஆர்மீனியர் சர்ச்சுலதான் ரொம்ப நேரம் இருந்தோம். தெருவுல "சைடு சைடு"ன்னு வந்த மூட்டைக்காரர் அம்மாவைப் பாத்ததும் நின்னு, "நீ போம்மா"ன்னு வழி விட்டுட்டு, எனக்கு மட்டும் ஒரு இடி கொடுத்தாரு.

கோட்டைக்கு வரும்போது மத்தியானம் ரெண்டு மணி. மியூசியத்துல உக்காந்து பாக்க முடிஞ்சுது, அந்த விஷயத்துல டெல்லிகேட் சார் சொன்னதும் சரிதான். சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் திரும்ப வந்து அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும். பர்மாவுலேர்ந்து வந்த நம்ம ஜனம் கொண்டாந்த சாப்பாடுன்னு சொன்னதும் அம்மா, "நூடுல்ஸ்ல பூண்டைப் போட்டா பர்மாவா"ன்னு கேட்டுட்டு முழுசா சாப்பிட்டாங்க.

ஆனா அம்மாவுக்கு ஒரு குறை. "துறைமுகம் துறைமுகம்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தியே, கடலை எங்கடா காட்டினே?" பாத்தா நிஜம்தான். நாள் முழுக்க நடந்தோம், ஒரு சொட்டுக் கடல்தண்ணி கண்ணுல படல!

கோட்டை_அகழி

அம்மா கேட்டதுதான் கேள்வி. ராஜாஜி சாலைக்குப் பழைய பேரு முதல் கடற்கரை ரோடு. அதுதான் கரையே. ஜி.பி.ஓ., ஸ்டேட் பேங்க், அந்தப் பெரிய கட்டடங்கள் எல்லாம் ஏன் ஒரே பக்கமா கிழக்கு பாத்து நிக்குது? கடலைப் பாத்து நின்னதுங்க. துறைமுகச் சுவர் வந்தப்புறம் கடலைத் தள்ளி நிலம் எடுத்துக்கிட்டாங்க. இப்போ நடுவுல காம்பவுண்டு சுவர், ரயில்பாதை, கிரேன். பாஸ் இல்லாம உள்ள விடமாட்டாங்க. அந்த வரிசையில பென்டிங்க் பில்டிங்னு ஒண்ணு இருந்துச்சு. நம்ம 1806 வேலூர்ப் புரட்சியால பதவி போன கவர்னர் பேருல இருந்தது. இடிச்சுட்டுக் கலெக்டர் ஆபீசுக்குச் சிங்காரவேலர் மாளிகை கட்டிட்டாங்க.

சத்துவாச்சாரி_டீச்சர்

இன்னொண்ணும் இருக்கு. இந்தக் கரையில மணல் வருஷத்துல பெரும்பாலும் தெற்கேர்ந்து வடக்கா ஓடும். துறைமுகச் சுவர் குறுக்க நின்னதும் தெற்குப் பக்கம் மணல் சேந்து சேந்து மெரினா அகலமாயிடுச்சு. வடக்குப் பக்கத்துக்கு மணல் போய்ச் சேரல, அதனால ராயபுரம் பக்கத்தைக் கடல் தின்னுக்கிட்டே இருந்துச்சு, பாறாங்கல்லைக் கொட்டித்தான் நிறுத்தி வச்சிருக்காங்க. அம்மாவுக்குக் கடல் காட்டணும்னா அடுத்த தடவை காசிமேட்டுல ஆரம்பிங்க. விடியக்காலை மீன் ஏலத்தையும் பாக்கலாம், அந்தப் பாறாங்கல்லையும் பாக்கலாம். அங்கேர்ந்து ராயபுரம் ஸ்டேஷன் நடக்கற தூரம்தான்.

குடியாத்தம்_லுங்கி

மீன் ஏலம்னு முன்னாடியே சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே. பாண்டிச்சேரியை அப்புறம் பாத்துக்கலாம், எப்போ போறீங்க சொல்லுங்க.

மேல்விஷாரம்_பாய்

லுங்கி அண்ணே, ஐஸ் பொட்டி நீங்க கொண்டாங்க. வர்ற வழியில பெரியமேட்டுல மண்டிக்காரங்ககிட்ட டீ என் பொறுப்பு.

ஆற்காடு_டெல்லிகேட்

காசிமேட்டுக்குப் போறவங்க போங்க. கோட்டையிலேர்ந்து வடக்கே நடக்கறவங்க தனியா என்கிட்ட பேர் கொடுங்க, தை பொறந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். அடையாள அட்டையை மறக்காதீங்க. அகழி சார், உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டு வச்சிருக்கேன், எதிர்த்திசையில ஒரு தடவை நடந்துதான் பாருங்களேன்.

கோட்டை_அகழி

வர்றேன். ஆனா வழியில ஒவ்வொரு தெருமுனையிலயும் நான் கேள்வி கேப்பேன், இப்பவே சொல்லிட்டேன்.